இரவில் மணக்கும் பூப்புகையிலை: வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பூப்புகையிலையை வளர்க்க முற்படுபவர்களில் பெரும்பாலோர் அதன் இரவு மணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டே அதைத் தேடுகிறார்கள். ஆயினும், நாற்றுப் பண்ணையில் பூத்த நிலையில் வாங்கி வந்த சிவப்பு, இளஞ்சிவப்புச் செடிகள் வாரக்கணக்கில் பூத்தும் மணமே வீசாமல் போவது பரவலாக நடக்கிறது. மண், நீர், உரம் எதிலும் குறை இருக்காது. இந்தச் செடியைப் பொறுத்தவரை, மணம் இருக்குமா இருக்காதா என்பது விதையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் விதைப் பொட்டலத்தைப் படிப்பதே முதல் வேலை.

எந்தச் செடியைத் தேர்ந்தெடுப்பது

பூப்புகையிலையும் வணிகப் புகையிலையும் அடங்கும் நிக்கோட்டியானா என்னும் பேரினத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்து 1560 வாக்கில் பாரிசு அரசவைக்குப் புகையிலையை அனுப்பிய ழான் நிக்கோ என்பவரின் பெயரால் இந்தப் பேரினம் வழங்குகிறது. புகைக்கவும் மெல்லவும் பயிராகும் சிற்றினங்கள் இரண்டே. மற்றவற்றுள் சில, பூவுக்காகவே தோட்டங்களுக்கு வந்தவை.

மணத்துக்காக வளர்ப்பவர் முதலில் நாட வேண்டியது நிக்கோட்டியானா அலாட்டா. தெற்கு பிரேசில், பராகுவே, உருகுவே, வடக்கு அர்ஜென்டினா ஆகிய பகுதிகளே இதன் தாயகம். இரண்டடி முதல் நான்கடி வரை உயரும் இச்செடியில், நீண்ட குழல் போன்ற வெள்ளைப் பூக்கள், ஐந்து இதழ் மடல்களுடன் அந்தி வேளையில் விரிகின்றன. பகல் வெயிலில் அவை துவண்டு மூடிக்கிடப்பதைக் கண்டு செடி வாடிவிட்டதாக எண்ணிக் கூடுதலாக நீர் ஊற்றுபவர்கள் உண்டு. அது இச்செடியின் இயல்பே. பழைய விதைப் பட்டியல்களில் இதற்கு அஃபினிஸ் என்ற பெயரும், கிராண்டிஃப்ளோரா என்ற அடைமொழியும் இருக்கும்.

இடவசதி உள்ளவர்களுக்கு நிக்கோட்டியானா சில்வெஸ்ட்ரிஸ் பொருத்தமானது. அர்ஜென்டினாவின் வடமேற்கிலும் பொலிவியாவிலும் இயற்கையாக வளரும் இது ஐந்தடிவரை நிமிர்ந்து எழும். உச்சியில் கொத்தாகத் தொங்கும் நீண்ட வெள்ளைக் குழல்கள் இதன் அடையாளம். நாம் அறிந்த வணிகப் புகையிலையின் இரண்டு மூதாதைகளுள் ஒன்று இதுதான் என்பதால், இலைகளின் அளவும் தோற்றமும் புகையிலைக் காட்டைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். பகுதி நிழலைத் தாங்குவதிலும் இது அலாட்டாவைவிட மேலானது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சுவாவியோலென்ஸ் என்னும் சிற்றினமும் இரவில் மணப்பதுதான். ஆனால் அதன் விதை எளிதில் கிடைப்பதில்லை.

மணமற்ற செடிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் இருந்த சாண்டர் நாற்றுப் பண்ணை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலாட்டாவைப் பிரேசிலின் சிவப்புப் பூச் சிற்றினமான ஃபோர்ஜெட்டியானாவுடன் கலந்து புதிய கலப்பினத்தை உருவாக்கியது. ஃபோர்ஜெட்டியானாவில் மகரந்தச் சேர்க்கை செய்பவை தேன்சிட்டை ஒத்த ஓசனிச்சிட்டுகள். பகலில் நிறத்தைப் பார்த்து வரும் பறவைக்கு மணம் தேவைப்படாததால் அப்பூவில் மணம் இல்லை. சாண்டரே எனப்படும் அந்தக் கலப்பினத்துக்குப் பல வண்ணங்களும், பகலிலும் விரிந்திருக்கும் குணமும், குட்டையான உருவமும் கிடைத்தன. மணத்தின் பெரும்பகுதி போயிற்று. இன்று பாத்திகளுக்காக விற்கப்படும் நிக்கி, டோமினோ போன்ற வரிசைகள் இவ்வழி வந்தவை. மணத்தை மீட்கும் நோக்கில் உருவாக்கிய பெர்ஃப்யூம் வரிசை ஓரளவு விதிவிலக்கு. லாங்ஸ்டார்ஃபி என்ற பச்சை மணிப்பூச் செடியும் அழகானதே. ஆனால் அதில் மணம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே பொட்டலத்தில் வண்ணப்படத்தைப் பார்ப்பதைவிடச் சிற்றினப் பெயரைப் பாருங்கள். அலாட்டா அல்லது சில்வெஸ்ட்ரிஸ் என்று தெளிவாக அச்சிடப்படாமல், ‘கலந்த வண்ணங்கள்’ என்று மட்டும் இருந்தால் அதை வாங்காதிருப்பதே என் பரிந்துரை.

இரவில் மட்டும் ஏன்

மணம் எப்போது, எவ்வளவு வெளிப்படும் என்பதைச் செடியின் உள்கடிகாரம் ஆள்கிறது. அலாட்டாவின் மணத்தில் சினியோல் என்ற வேதிப்பொருள் முக்கிய இடம் பெறுகிறது. நீலகிரித் தைலத்தின் முதன்மைப் பொருளும் அதுவே. மற்ற பொருள்களோடு சேரும்போது அது தைல நெடியாகத் தெரியாமல், மல்லிகையை நினைவூட்டும் இனிய மணமாக நம்மை வந்தடைகிறது. இருளில் பறந்து வரும் பருந்து அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு இது. குழலின் அடியிலுள்ள தேனை எட்ட, நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும். தமிழ்நாட்டிலும் அத்தகைய பூச்சி உண்டு: சர்க்கரைவள்ளிக் கொடியின் இலையைப் புழுப்பருவத்தில் தின்னும் அக்ரியஸ் கன்வால்வுலி. ஐரோப்பாவில் இதே பூச்சியைக் காண விரும்பும் ஆர்வலர்கள் அதற்காகவே தோட்டத்தில் பூப்புகையிலையை நடுகிறார்கள்.

இதிலிருந்து ஓர் இடக்குறிப்பு கிடைக்கிறது. மாலைக்குப் பிறகு நீங்கள் உண்மையில் அமரும் இடத்துக்கு அருகில், திண்ணையை ஒட்டியோ, படுக்கையறைச் சன்னலுக்கு வெளியிலோ, மொட்டை மாடியின் மூலையிலோ இச்செடியை வையுங்கள். காற்று வீசியடிக்கும் திறந்த விளிம்பில் மணம் தங்காது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் தேங்கி நிற்கும். இரவு முழுவதும் எரியும் விளக்கின் கீழ் வைப்பதைத் தவிர்க்கவும், ஏனெனில் வரும் அந்துப்பூச்சிகள் பூவை விட்டு விளக்கைச் சுற்றத் தொடங்கிவிடும்.

விதைக்கும் பருவம்

தமிழ்நாட்டுச் சமவெளியில் இது குளிர்காலச் செடி. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும்வரை விதைத்தால், நவம்பர் இறுதி அல்லது டிசம்பரில் நிலையான இடத்துக்கு மாற்றி, சனவரி முதல் மார்ச் வரை பூக்களைக் காணலாம். திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர்ப் பகுதியில் வணிகப் புகையிலையும் மழைக்காலத்தில் நடப்பட்டுக் குளிர்காலத்தில் வளரும் பயிரே என்பது இக்கணக்குக்குத் துணை நிற்கிறது. கோடையில் விதைப்பதால் பயனில்லை. நாற்று பிழைத்தாலும் பூக்கள் சிறுத்து, சில நாட்களில் உதிரும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் கணக்கு மாறும். உறைபனியை இச்செடி தாங்காது. எனவே பனி விழும் மாதங்கள் கழியும் தறுவாயில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைத்தால் கோடை முழுவதும் பூக்கும்; அங்கு இதன் வளர்ச்சி சமவெளியில் காண்பதைவிட மிகச் சிறப்பாக இருக்கும். டொராண்டோவிலோ லண்டனிலோ வாழும் வாசகர்கள், கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் வீட்டுக்குள் விதைத்து, மே மாத இறுதியில் வெளியே நடலாம்.

விதைப்பு: மிகுந்த கவனம் வேண்டிய கட்டம்

பூப்புகையிலை விதை தூசியைப் போன்றது. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கான விதைகள் அடங்கும். இவ்வளவு சிறிய விதைக்குள் சேமிப்பு உணவு மிகக் குறைவு என்பதால் ஆழத்திலிருந்து முளைத்து வர அதற்கு வலு இல்லை. முளைப்பதற்கு வெளிச்சமும் தேவை. ஆகவே, பிற விதைகளைப் போல மண்ணால் மூடினால் ஒன்றும் வராது. ‘விதை சரியில்லை’ என்று சொல்லப்படும் பெரும்பாலான தோல்விகளுக்கு இதுவே காரணம்.

நான்கு அங்குல ஆழமுள்ள, அடியில் துளையிட்ட தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு நீங்க நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு என்று கலந்து, அதில் ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைச் சேர்த்து நிரப்புங்கள். மேற்பரப்பைப் பலகைத் துண்டால் சமமாக அழுத்திவிட்டு, தட்டை நீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்தால் ஈரம் கீழிருந்து மேலேறும். மேற்பரப்பு கறுத்துத் தெரியும்போது தட்டை எடுத்து நீரை வடியவிட வேண்டும்.

பிறகு விதையை அதன் அளவைப்போல் பல மடங்கு உலர்ந்த மென்மணலுடன் கலந்து, விரல்நுனியால் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மணலின் நிறம் விதை விழுந்த இடத்தைக் காட்டும். ஒரே இடத்தில் குவியாமலும் காக்கும். மேலே மண் போடாமல், உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் போதும். பூவாளியால் நீர் ஊற்றினால் விதை முழுவதும் ஓரத்துக்கு ஓடிவிடும். மீண்டும் மீண்டும் கீழிருந்தே ஈரம் கொடுங்கள்.

தட்டைத் தெளிவான பாலித்தீன் தாளால் மூடி, நேரடி வெயில் படாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த இடத்தில் வைக்கவும். அக்டோபர் மழை சாரலாகக்கூட உள்ளே வரக்கூடாது. 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் பச்சைப் புள்ளிகளாக முளைகள் தெரியும். தெரிந்த அன்றே தாளை அகற்றிவிட வேண்டும். காற்றோட்டமில்லாத ஈரத்தில் நாற்றழுகல் நோய் தாக்கினால் ஒரே இரவில் தட்டு முழுவதும் தரையோடு சாய்ந்துவிடும், பிறகு காப்பாற்ற வழி இருக்காது. முதல் மூன்று வாரங்கள் நாற்று வளராமல் நிற்பதைப்போலத் தோன்றும். அவசரப்பட்டு உரம் கொடுக்காதீர்கள்.

நான்கு இலைகள் வந்தபின், பல்குச்சியின் நுனியால் வேரோடு நெம்பி, இலையைப் பிடித்துத் தூக்கி (தண்டைப் பிடித்தால் நசுங்கும்), குழித்தட்டிலோ சிறு தொட்டிகளிலோ ஒவ்வொன்றாக மாற்றுங்கள். உருவத்தில் பெரிய நாற்றுகளை மட்டும் பொறுக்காமல் நடுத்தரமானவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. கலப்பு விதையில் வேகமாக வளரும் நாற்றுகள் எல்லாம் ஒரே குணத்தனவாக அமைந்துவிடக்கூடும்.

நிலையான இடத்தில் நடுதல்

நாற்று நான்கங்குல உயரம் எட்டியதும், ஒரு வாரம் படிப்படியாக வெயிலுக்குப் பழக்கிவிட்டு நடவும். அலாட்டாவுக்கு 12 அங்குலத் தொட்டியும், சில்வெஸ்ட்ரிசுக்கு 15 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி அல்லது வளர்ப்புப் பையும் வேண்டும். தரையில் என்றால் முன்னதற்கு ஓரடி, பின்னதற்கு ஒன்றரை முதல் இரண்டடி இடைவெளி. செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்த கலவை போதுமானது. நீர் தேங்காத, சற்றே அமிலத்தன்மையோ நடுநிலையோ உள்ள மண்ணில் இது செழிக்கும்.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் கிழக்குப் பக்கம் சிறந்தது. பிப்ரவரி பாதிக்குமேல் சமவெளியில் வெயில் ஏறுவதால், திறந்த மாடியில் வளர்ப்பவர்கள் பிற்பகலில் நிழல்வலை கட்டுவது அவசியமாகிவிடும்.

எந்த வகையானாலும் ஒரே ஒரு செடியை மட்டும் நட வேண்டாம். நான்கைந்து செடிகள் சேர்ந்து நின்றால்தான் மணம் ஓரிடத்தை நிறைக்கும். விதை எடுப்பதற்கும் அது வேண்டும், அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

நீரும் உரமும்

அகன்ற இலைகள் நீரை விரைவாக ஆவியாக்கும். மேல்மண் அரை அங்குலம் உலர்ந்ததும் காலையில் வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். இலையிலும் தண்டிலும் பிசுபிசுப்பான சுரப்பு முடிகள் இருப்பதால் தூசியும் சிறு பூச்சிகளும் ஒட்டிக்கொள்ளும். அது நோயின் அறிகுறியன்று.

தழைச்சத்து மிகுந்தால் இலை தடித்துப் பூ தள்ளிப்போகும். நட்ட மூன்றாம் வாரத்தில் மண்புழு உரம் இரண்டு கைப்பிடி, மொட்டு தெரியும்போது மீண்டும் அதே அளவு, அவ்வளவே. யூரியாவை அறவே தவிர்க்கலாம். பூந்தண்டு எழும்போது மூங்கில் குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டினால், சில்வெஸ்ட்ரிஸ் பக்கவாட்டில் சாயாது.

பூச்சியும் நோயும்

இது கத்தரிக் குடும்பத்துச் செடி. தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தாக்கும் பலவும் இதையும் தாக்கும். எனவே காய்கறித் தொட்டிகளிலிருந்து இதைத் தள்ளியே வையுங்கள். சென்ற பருவத்தில் கத்தரியோ தக்காளியோ வளர்ந்த மண்ணையும் பயன்படுத்தாதீர்கள்.

பெரும் இடையூறு வெட்டுப்புழு. இலையின் அடியில் பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக் குவியலாகத் தொடங்கி, பொரித்த இளம்புழுக்கள் இலையைச் சல்லடையாக்கிவிடும். வாரம் இருமுறை இலைகளைத் திருப்பிப் பார்த்து, குவியலோடு அப்பகுதியைக் கிள்ளி அழிப்பதே மிகச் சிறந்த முறை. தரைத்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஓரத்தில் ஓர் ஆமணக்குச் செடி வளர்த்தால் தாய்ப்பூச்சி அதில் முட்டையிடும்; தேடி அழிப்பது எளிதாகும். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெயை, சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து இலையின் அடிப்பக்கத்தில் தெளிக்கலாம். பூக்கள் விரியும் மாலையில் தெளிக்கக்கூடாது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய் வந்த செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

தேமல் நோய் தனிக் கவனத்துக்கு உரியது. 1892இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கியும் 1898இல் நெதர்லாந்தின் பெயரிங்கும் புகையிலைத் தேமலை ஆராய்ந்தபோதுதான், நுண்ணுயிர் வடிகட்டியிலும் தப்பிச் செல்லும் நோய்க்காரணி ஒன்று உண்டு என்பதை உலகம் அறிந்தது; வைரசு என்ற கருத்தே அங்கிருந்து பிறந்தது. இந்த வைரசு பூச்சியைவிட நம் கைகளால்தான் அதிகம் பரவுகிறது. பதப்படுத்திய புகையிலையிலும் அது நீண்ட காலம் வீரியத்தோடு இருக்கும். எனவே பீடி, சிகரெட், வெற்றிலைப் புகையிலை பயன்படுத்துபவர்கள் செடியைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவது கட்டாயம். கத்தரிக்கோலையும் செடிக்குச் செடி கழுவ வேண்டும். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதற்கு மருந்தில்லை; செடியை அகற்றி எரித்துவிடலாம்.

நச்சுத்தன்மை

செடியின் எல்லாப் பகுதிகளிலும் நிக்கோட்டின் போன்ற நச்சுகள் உள்ளன. இலை, பூ, விதை எதையும் உண்ணக்கூடாது. தவழும் குழந்தையோ இலை கடிக்கும் நாயோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். கழித்த தழைகளை ஆடு மாடுகளுக்குப் போடாதீர்கள். ஈரமான இலைகளை வெறுங்கையால் நெடுநேரம் கையாண்டால் நிக்கோட்டின் தோல் வழியே உட்புகும். புகையிலை அறுவடை செய்யும் தொழிலாளர்களுக்கு இதனால் தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாவது நன்கறியப்பட்ட ஒன்று. கையுறை அணிவது நல்லது. இலையைக் காய்ச்சிப் பூச்சிவிரட்டியாகத் தெளிக்கும் பழக்கத்தையும் நான் ஏற்கவில்லை, ஏனெனில் அது தேனீக்களுக்கும் நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் கொடியது.

இது தலையில் சூடும் பூவும் அன்று. பறித்தால் பிசுபிசுத்துத் துவண்டுவிடும். செடியில் இருக்கும்வரைதான் அதன் சிறப்பு.

பூக்கும் காலமும் விதை சேகரிப்பும்

விதைத்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் அலாட்டா பூக்கும். சில்வெஸ்ட்ரிஸ் சற்றுப் பிந்தும். வாடிய பூக்களை அடிக்காம்போடு கிள்ளிவிட்டால் புதிய மொட்டுகள் தொடர்ந்து வரும். முதல் பூந்தண்டு முழுவதும் பூத்து ஓய்ந்ததும், கீழே பக்கக்கிளை தெரியும் இடத்துக்கு மேலே வெட்டிவிடுங்கள். அடுத்த தண்டு எழுந்து மறுபடி பூக்கும்.

விதைக்கு வருவோம். அலாட்டா தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. சூல்தண்டில் சுரக்கும் ஒரு புரதம் தன் மகரந்தத்தை அடையாளம் கண்டு அதன் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. அப்புரதத்துக்கான மரபணு நகலை 1986இல் மெல்போர்னில் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது இச்செடியிலிருந்தே. இதனால் தனியாக நிற்கும் அலாட்டா எவ்வளவு பூத்தாலும் விதை வைக்காது. இரண்டு மூன்று செடிகள் இருந்தும் அந்துப்பூச்சி வரவில்லையென்றால், பூக்கள் விரிந்த மாலையில் மென்தூரிகையால் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொரு செடியின் சூல்முடியில் தொட்டுவையுங்கள். சில்வெஸ்ட்ரிசுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஒரே செடியிலும் விதை பிடிக்கும். அருகில் வண்ணக் கலப்பினங்கள் இருந்தால் அலாட்டாவுடன் கலந்து அடுத்த தலைமுறையில் மணம் குன்றக்கூடும். விதைக்கென வைக்கும் செடிகளை அவற்றிலிருந்து பிரித்தே வளர்க்கவும்.

விதையறை பழுப்பாகி, நுனி பிளக்கத் தொடங்கும் நாளில் தண்டோடு வெட்டிக் காகித உறைக்குள் தலைகீழாக இடுங்கள். ஒருநாள் தாமதித்தால் விதை காற்றில் கொட்டிப் பக்கத்துத் தொட்டிகளிலெல்லாம் தானாக முளைக்கும். நிழலில் உலர்த்தி, சலித்து, பெயரும் ஆண்டும் எழுதிய உறையில், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் சில ஆண்டுகள் முளைப்புத்திறன் குறையாது.

அலாட்டா உண்மையில் பல்லாண்டுச் செடி. சதைப்பற்றுள்ள வேரில் உயிர் தங்கும். ஏப்ரலில் பூ ஓய்ந்ததும் தரையிலிருந்து நான்கங்குலம் விட்டு வெட்டி, தொட்டியை நிழலுக்கு மாற்றி, மண் முற்றிலும் காயாத அளவுக்கு மட்டும் நீர் கொடுத்து வந்தால், மலைப்பகுதிகளில் பெரும்பாலும், சமவெளியில் சில செடிகளாவது, மழை தொடங்கும்போது அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். துளிர் கண்டதும் மேல்மண் இரண்டங்குலத்தை அகற்றிப் புதிய கலவையை நிரப்பி, பழையபடி காலை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.